ஆறு லாரி செம்மண்

சரவணா,

நான் நன்றாக இருக்கிறேனா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இருக்கிறேன், இந்த முழங்கால் வலியைத் தவிர. ஆனால் என் முழங்காலை விசாரிப்பதற்காக நீ நாலு பக்கம் எழுதவில்லை என்பது எனக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கையெழுத்து உன்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றாம் பக்கத்தில் வருகிற ‘ஆக்கிரமிப்பு’, ‘அனுபவ பாத்தியதை’ எல்லாம் உன் வார்த்தைகள் இல்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இதையெல்லாம் யார் ஓதியது? உனக்கு மாமனாராக வரப்போகிறவர் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, “நசரத்பேட்டை நிலத்த ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமே சம்பந்தி” என்று கிளம்பினாரே, அப்போதே எனக்கு உறுத்தியது. அங்கே போய் அவர் ஒரு மரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலி ஓரமாகவே காலடி வைத்து அளந்துகொண்டு போனார். அவர் வாய் முணுமுணுத்ததை நான் பார்த்தேன்.

தை மாதம் கல்யாணத்துக்கு முன்னால் நிலத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே காம்பவுண்டு சுவர் எழுப்பிவிடலாம் என்கிறாய். புதரையெல்லாம் அழித்து, நடுவில் இருக்கிற பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கினால் பிற்பாடு வீடு கட்டலாம் என்கிறாய். பக்கத்து எல்லம்மாளை நம்ப முடியாது, அப்பாவோடு பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவள், அப்பா செத்ததற்கு எட்டிக்கூடப் பார்க்காதவள், வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து கிடக்கிறது, நாளைக்கே அதைக் காட்டி வழிப்பாத்தியம் கேட்பாள் என்கிறாய். படித்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமை, பொய் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு என் கண் வந்திருக்கிறதே என்று நினைத்தேன். பிறகுதான் பயம் வந்தது. நீ சுவர் கட்டுவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதை நான் உன் அப்பாவைத் தவிர யாரிடமும் பேசியதில்லை, அவரிடம் பேசியதும் ஒரே ஒரு முறைதான்.

ஆவடியில் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் தையல் பிரிவில் செக்கர். ஜவான்களின் சட்டை தைத்து வரும், உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் எல்லோரும் அழகாகத்தான் தைப்பார்கள். அக்குளுக்கு அடியில், காலருக்கு உள்ளே, பொத்தான் துளைக்குப் பின்னால்தான் திருட்டுத்தனம் இருக்கும். “நூல் சரியில்லக்கா, மெஷின் சரியில்லக்கா” என்பார்கள். ஒருத்தியையும் நம்பமாட்டேன். நல்ல தையலைப் பார்த்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகம் வரும். அங்கே அது சம்பளம் வாங்குகிற குணம். சாயங்காலம் சங்கு ஊதினதும் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நான் குவார்ட்டர்ஸுக்கும் கொண்டுவந்தேன், உன் பள்ளிக்கூடப் பைக்குள் கைவிட்டேன், உன் அப்பாவின் சட்டைப் பையைத் திருப்பிப் பார்த்தேன். பஸ் டிக்கெட்டும் பீடித்தூளும் தவிர அதில் ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை. ஒன்றும் இல்லாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

எண்பத்தி மூன்றில் அந்த நிலத்தை வாங்கினோம். அப்போது நசரத்பேட்டையில் இறங்கி உள்ளே நடந்தால் இரண்டு பக்கமும் நெல்வயல்தான், ஏரிக்கரையில் பனைமரங்கள், நடுவில் ஒரு வண்டிப்பாதை. குவார்ட்டர்ஸ்காரர்கள் நிலம் வாங்கினால் செய்கிற காரியம் ஒன்றுதான். மறுவாரமே லாரியில் மண் கொட்டி மேடாக்குவார்கள், முள்கம்பி இழுப்பார்கள், கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார்கள், கயிறு பிடித்து வரிசையாகத் தென்னங்கன்று வைப்பார்கள். உன் அப்பா ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பூந்தமல்லிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போவார், பொழுது சாயத் திரும்பி வருவார். “என்ன நட்டீங்க?” என்றால், “இன்னும் நடல. பார்த்துகிட்டு இருக்கேன்” என்பார். ஒரு வாரம் அல்ல, ஒரு மாதம் அல்ல, இரண்டு மழைக்காலம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூக்கி எறிகிற மெஷின் வேலை செய்த மனிதர், தோட்டத்தில் மட்டும் கயிறே பிடிக்கமாட்டேன் என்றார். “அது பாட்டுக்கு எங்க என்ன வருதுன்னு மொதல்ல தெரியணும். தண்ணி எங்க நிக்குது, எங்க ஓடுது, எந்த மூலையில காத்து அடிக்குது, அதெல்லாம் தெரியாம செடி வச்சா அது நமக்காக வச்சதா இருக்கும், அந்த எடத்துக்கானதா இருக்காது” என்று சொன்னார். நல்லாத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். நல்லாப் பேசினால் எனக்கு ஆகாதே!

நம் இரண்டு பேரையும் அவர் அங்கே கூட்டிப்போன முதல் தடவை உனக்கு நினைவிருக்கிறதா? நீ பள்ளத்தில் இறங்கித் தவளை பிடித்தாய். அவர் உன்னைத் தடுக்கவில்லை, நீ எங்கே எங்கே ஓடுகிறாய் என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, “நீ எங்க உட்கார்ந்தா முதுகு வலி இல்லாம இருக்கும், ஒவ்வொரு எடமா உட்கார்ந்து பாரேன்” என்றார். நாள் முழுக்க செக்கிங் மேஜையில் குனிந்து என் முதுகு போய்விட்டது அவருக்குத் தெரியும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த மனிதர் என்னை ஓரமாக எங்கே உட்கார வைப்பது என்று இடம் பார்க்கிறார், மீதி இடத்தில் என்னமோ செய்யப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்காதே. இதைவிடக் கேவலமானது இனிமேல்தான் வருகிறது.

மழை பெய்த வாரங்களில் அவர் பையில் சின்னச் சின்னக் குச்சிகள் எடுத்துப்போவார். தண்ணீர் எதுவரை ஏறியதோ அங்கே ஒரு குச்சி, அடுத்த வாரம் எதுவரை இறங்கியதோ அங்கே ஒரு குச்சி. தூரத்திலிருந்து தெரிவதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் துணி கட்டியிருப்பார். ஒரு நாள் அந்தப் பையைத் துவைக்கப் போட எடுத்தேன். உள்ளே குச்சி நாலைந்து, தலையில் கட்டியிருந்தது பூப்போட்ட வாயில் ரகப் புடவைத் துணி. ஊதாப் பூ. எனக்கு ஊதாவே கிடையாது. துணி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது சரவணா, அது ஏழெட்டு வருஷம் கட்டி நைந்த புடவை, முந்தானைப் பக்கம் கிழித்தது. ஒரு பெண்பிள்ளை கட்டின புடவை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, அவர் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

நம் நிலத்தில் ஆள் இல்லை. பக்கத்தில் வண்டிப்பாதை ஓரமாக ஒரு மண்சுவர் வீடு, பனையோலைக் கூரை. அதன் வாசலில் ஒரு கல்மேல் உட்கார்ந்து உன் அப்பா கூழ் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒருத்தி ஊதாப் பூ புடவையைப் பல்லால் கடித்து நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் எல்லம்மாள். அந்த வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், அப்போது குமணன்சாவடியில் ஒரு பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் பூந்தமல்லி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். உன் அப்பா என்னைப் பார்த்துத் திருட்டு முழி முழித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “வா, வா, கூழ் குடிக்கிறியா?” என்றார்.

“சார் ஊட்டம்மாவா? இன்னாம்மா வெயில்ல நின்னுகினு கீறே, இப்டி நெயல்ல வா” என்று எல்லம்மாள் எழுந்தாள். “சாருக்கு இத்தத்தான் சொல்லிகினு இருந்தேன். மேக்கால கீற கழனித் தண்ணி பூரா எங்க ஊட்டு ஓரமா வந்து, தோ, உங்க பள்ளத்துல எறங்கும். ரெண்டு நாளு அங்க நின்னுட்டு அப்டியே ஏரிக் கால்வாக்குப் பூடும். நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன். அந்தப் பள்ளம் இல்லன்னா நாங்க இல்லம்மா.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் ஆரம்பித்தேன். “அவ எதுக்கு நமக்கு இவ்வளவு சொல்லணும்?” “கேட்டேன், சொன்னாங்க.” “கேட்டா சொல்லிடுவாங்களா? அவளுக்கு என்ன லாபம்?” அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “நீயும் ஏதாவது கேட்டுப் பாரேன், சொல்வாங்க” என்றார். அந்தப் பதில்தான் என்னைக் கெடுத்தது. அவர் கோபப்பட்டிருக்கலாம், சத்தியம் பண்ணியிருக்கலாம். மறுநாள் செக்கிங் மேஜையில் பக்கத்தில் இருந்தவளிடம் நிலம் பற்றி மட்டும் சொன்னேன், புடவை பற்றிச் சொல்லவில்லை. “பள்ளத்துல அவ வீட்டுத் தண்ணி வந்து நிக்குதுன்னா அது அவ பாத்தியம்தான்கா. நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா நிலமே அவளுதுன்னுடுவா. மொதல்ல மண்ணக் கொட்டு” என்றாள் அவள். எனக்கு வேண்டியது அதுதான். பொம்பளை விஷயமா, நில விஷயமா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. ஒரே லாரி மண்ணில் இரண்டையும் மூடிவிடலாம் போலிருந்தது.

எண்பத்தைந்து புரட்டாசியில் புது மெஷின் பழகுவதற்காக அவரை வடக்கே ஒரு தொழிற்சாலைக்கு ஒன்றரை மாதம் அனுப்பினார்கள். அவர் ரயில் ஏறிய அந்த வாரமே நான் லாரிக்குச் சொன்னேன். ஆறு லோடு செம்மண். லாரி பின்னால் வந்து கொட்டக் கொட்ட, அவர் இரண்டு வருஷமாக நட்டு வைத்த குச்சிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஊதாத் துணி புதைந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மேற்குப் பக்கம் கரை மாதிரி உயர்த்தி முள்கம்பியும் இழுத்தாயிற்று. சத்தம் கேட்டு எல்லம்மாள் ஓடிவந்தாள். கையில் துடைப்பம், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போல.

“எம்மா, இன்னாம்மா இது, பள்ளத்த தூத்துட்டீங்களே? சாருக்குத் தெர்யுமா?” என்றாள்.

சரவணா, இந்த இடத்தை நான் மூன்று தாள் கிழித்துவிட்டு எழுதுகிறேன். நான் சும்மா இருந்திருக்கலாம். ‘என் நிலம், என் இஷ்டம்’ என்று சண்டை போட்டிருக்கலாம். நான் சொன்னது இது: “பின்ன? அவர் சொல்லாம நான் செய்வேனா? போகும்போதே சொல்லிட்டுத்தான் போனார். தண்ணி எந்த வழியா வருதுன்னு உன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சிகிட்டாராமே, அந்த வழியத்தான் அடைக்கச் சொன்னார்.” யோசித்துச் சொன்னதில்லை, நாக்கில் தயாராக இருந்தது. அவள், “சாரா?” என்று மட்டும் கேட்டாள். திரும்பிப் போய்விட்டாள். இனிமேல் கூழும் கிடையாது, நாடாவும் கிடையாது என்று நான் பஸ் ஏறினேன்.

ஐப்பசியில் பிடித்த மழை எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், நம் குவார்ட்டர்ஸ் தெருவில் நீங்களெல்லாம் காகிதக் கப்பல் விட்டீர்கள். பள்ளிக்கூடம் லீவு. நான் பஜ்ஜி போட்டேன். அந்த நேரத்தில் மேற்கு வயல்களின் தண்ணீர் மொத்தமும் வண்டிப்பாதையில் வந்து, நம் மேட்டில் முட்டித் திரும்பி, எல்லம்மாள் வீட்டுக்குள் போயிருக்கிறது. மண்சுவர் ஒரு பகல்தான் தாங்கியது. பிள்ளைகளை ஏற்கெனவே பள்ளிக்கூடக் கட்டடத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்களாம், இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ. சுவர் ஓரமாகக் கட்டியிருந்த சினை ஆடு இரண்டும் அதன் அடியில் போய்விட்டன. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் போகவும் இல்லை.

அவர் வடக்கேயிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூடவே போனேன். வழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, மண் கொட்டினதை மட்டும் சொன்னேன். அவர், “பள்ளத்துலயா?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். நிலத்தை நெருங்கும்போதே எல்லம்மாள் பாதையில் நின்றுகொண்டிருந்தாள். வீடு இருந்த இடத்தில் பாலிதீன் தாள் கட்டியிருந்தது.

“வா சார், வா. நல்லாக் கேட்டுகினே சார் நீ! எங்க வர்து, எங்க போவுதுன்னு ஒண்ணு வுடாம கேட்டுகினே. நானும் மடச்சி மாரி சொன்னேன். என் சோத்தத் துன்னுகினு என் ஊட்டையே தூத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?” அவள் புருஷன் வந்து அவளை இழுத்தார், அவள் திமிறிக்கொண்டு கத்தினாள். வயலில் வேலை செய்தவர்களெல்லாம் கரையேறி வந்து நின்றுவிட்டார்கள். உன் அப்பா இடிந்த சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். “ஆமாம்மா. நான்தான் கொட்டச் சொன்னேன். பெரிய தப்பு பண்ணிட்டேன்” என்று அத்தனை பேர் முன்னாலும் கை கூப்பினார்.

பஸ்ஸில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை. “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்றேன். “நீ உட்கார்றதுக்குன்னுதான் அங்க எல்லாம் செய்யறேன். அவங்களுக்கு உன்மேல கோவம்னு ஆயிட்டா, நீ எப்படி வந்து அங்க உட்காருவ?” என்றார். அவ்வளவுதான். அந்த விஷயத்தை நாங்கள் பேசிய ஒரே முறை அது. நான் அன்று அழுதேன் என்று நினைக்கிறாயா? இல்லையடா. அவளைப் பற்றி நான் கேட்டுவிடாமல் காப்பாற்றத்தான் இவர் என்னிடம் சண்டை போடாமல் இருக்கிறாரோ என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது. என் புத்தி அப்படி.

அதற்குப் பிறகு ஏழு மாதம், ஞாயிறு ஞாயிறாக, மண்வெட்டியும் இரும்புச் சட்டியும் வைத்து அந்த ஆறு லாரி மண்ணையும் அவர் தனியாக வெட்டி எடுத்தார். ஆள் வைக்கமாட்டேன் என்றுவிட்டார். எடுத்த மண்ணைக் கிழக்கு ஓரத்தில் நீளமாக மேடு போட்டார், நீ ஏறி உருளுவாயே அந்த மேடு. பிறகுதான் நட ஆரம்பித்தார். தண்ணீர் நிற்கிற விளிம்பில் தாழை, அதற்கு மேலே நீர்மருது, புங்கன். காய்ந்து கிடக்கிற மேட்டில் ஆவாரையும் கொன்றையும். பறவை எச்சத்தில் முளைத்த வேம்பு, நுணா, நாவல் எதையும் பிடுங்கவில்லை, முளைத்த இடத்திலேயே விட்டார். எங்கேயும் வரிசை கிடையாது, பாத்தி கிடையாது. நீ ஓடி ஓடித் தேய்த்த தடத்தையே நடைபாதையாக வைத்துக்கொண்டார். நான் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து பார்த்ததில் ஏதோ ஓரிடத்தில், “இங்க பரவாயில்ல” என்று சொன்னேனாம். எனக்கு நினைவே இல்லை. அங்கே ஒரு சாய்ந்த கல்லைப் புரட்டிப் போட்டு, மேற்கு வெயில் முகத்தில் அடிக்காதபடி பின்னால் இலுப்பை வைத்தார். நம் குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்து பார்த்து, “என்ன சார், காடாக்கி வச்சிருக்கீங்க?” என்று சிரிப்பார்கள். “காடுதான். இதுல நாங்க நாலு எடத்துல உட்கார்ந்துக்கறோம்” என்பார்.

வேலியில் அந்தச் சந்து விட்டதும் அவர்தான். இழுத்த முள்கம்பியை எல்லம்மாள் வீட்டுப் பக்கம் மட்டும் வெட்டிவிட்டார். அவள் வருவாள் என்று விட்டது. இடிந்த சுவரைக் கட்டிக் கொடுக்க அவர் போனபோது, “உன் கை என் ஊட்டு மேல படக்கூடாது” என்று விரட்டிவிட்டாள். பதினோரு வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அவள் வாசலைக் கடக்கும்போது இவர் நின்று கை கூப்புவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சில நாள் துப்புவாள். நான் இரண்டு அடி பின்னால் நடந்து வருவேன். என்னைப் பார்த்து, “வாம்மா” என்று சொல்லுவாள்! என்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை, புருஷன் சொல்லுக்கு அடங்கின பாவப்பட்ட பொம்பளை என்று நினைத்தாள். அந்த ‘வாம்மா’வை நான் வாங்கிக்கொண்டேன். இலுப்பை நிழலில் போய் உட்கார்ந்தேன். முதுகு வலிக்கவில்லைதான்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ ஞாயிறு நினைத்தேன். அடுத்த வாரம், பொங்கல் கழித்து, உன் பன்னிரண்டாவது பரீட்சை முடிந்து என்று தள்ளிக்கொண்டே போனேன். தொண்ணூற்றி ஏழு தையில் அவர் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. எல்லம்மாளுக்கு ஆள் விட்டுச் சொன்னது நான்தான். அவள் வரவில்லை. நீ பல்லைக் கடித்துக்கொண்டு, “பார்த்தியாம்மா அந்தப் பொம்பளைய?” என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கொள்ளிச்சட்டி தூக்கப்போகிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். நீ எல்லம்மாள்மேல் வைத்திருக்கிற கோபம் மொத்தமும் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. அதை வைத்து நீ சுவர் கட்டப் போகிறாய்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். வீட்டுக்கு வருகிற பெண் ஏதாவது செய்வாள், அது ஏன் என்று உனக்குப் புரியாது. அப்போது அவள் பையைத் திறக்காதே. வாயைத் திறந்து அவளிடமே கேள். எனக்கு ஒரு நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும், நான் அந்த ஒரு நிமிஷம் கேட்காமல் ஒரு மனிதருடைய பதினோரு வருஷத்தை எடுத்துக்கொண்டேன். உன் மாமனாரைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, அதையும் அடிக்கலாம் என்று பார்த்தேன். அவர் வாய் முணுமுணுத்தது ஸ்லோகமாகக்கூட இருக்கலாம். ஆனால் அடிக்கவில்லை. எனக்கு இன்னமும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இதுவரை எழுதியது புதன்கிழமை. தபாலில் போடாமல் வைத்திருந்தேன். உனக்கு எழுதிவிட்டால் போதும், அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நான் தப்பிக்கப் பார்க்கிறேனோ என்று என்மேலேயே ஒரு ஐயம். அதனால் இன்று காலை இதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எல்லம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. இப்போது செங்கல் வீடு, சிமெண்டு ஷீட் போட்டிருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “வாம்மா” என்றாள். உட்கார்ந்தேன். “என் பையனுக்கு ஒரு கடிதாசி எழுதியிருக்கேன் எல்லம்மா, நீ கேக்கணும்” என்று முதல் வரியிலிருந்து படித்தேன்.

புடவைத் துணியைப் பார்த்து நான் சந்தேகப்பட்ட இடம் வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். “அந்த மன்சனா? என்னியா? அடிப் பாவி, எனுக்கு அப்ப மூணு புள்ள, தல சீவக்கூட நேரம் இல்லாம கெடந்தேன்!” என்று கீரையைக் கீழே வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வெட்கம்கெட்டவள். லாரி மண் வந்தது. அவள் துடைப்பத்தோடு வந்து என்னைக் கேட்டது வந்தது. நான் சொன்ன பதிலைப் படித்தேன். கீரையை மறுபடி உருவ ஆரம்பித்திருந்த கை நின்றுவிட்டது. “அத்த மறுக்கா படி” என்றாள். மறுபடியும் படித்தேன். அதற்குப் பிறகு கடைசி வரை அவள் என்னை நிறுத்தவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை.

முடித்துவிட்டுத் தாளை மடித்தேன். அவள் திட்டுவாள், அடிப்பாள், எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். “மன்னிச்சுடு எல்லம்மா” என்றேன். அவள் வேலியில் இருக்கிற அந்தச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

“என் ஊடு இட்ச்சத வுடும்மா. ஆடு செத்தத வுடு. அதெல்லாம் நான் மறுக்கா சம்பாரிச்சிகினேன். அந்த மன்சன் பதினோரு வருசமா என் வாசல்ல நின்னு கும்ட்டாரு. நான் துப்பினேன். செத்ததுக்குக் கூப்ட்டு வுட்டப்போ, ‘போனா போவட்டும்’னு இந்தக் கையால சோறு ஆக்கித் துன்னுகினு இருந்தேன். நீ ஒர்த்தி பாவியானது பத்தாதுன்னு என்னியும் பாவியாக்கிட்டியே. நீயாவது என்னாண்ட வந்து சொல்லிட்டே. நான் யாராண்ட போய்ச் சொல்றது, நீயே சொல்லு?”

உருவி முடிக்காத கீரையை அவள் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து வந்தேன், சரவணா. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். அவளுக்கு என்ன சொல்வது என்று உனக்காவது தெரிந்தால் கிளம்பி வந்து அவளிடம் சொல். தெரியாவிட்டால், ஒரு செங்கல்லும் இறக்காதே.

உன் அப்பாவைச் சந்தேகப்பட்டவள்,
உன் அம்மா